எட்டு நாடா வைத்த அங்கி

எங்கள் பகுதி நாடகக் கலைஞர்கள் சேர்ந்து ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்கள். என்னையும் எழுதச் சொல்லி வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் மலரின் பொறுப்பாளரான இளைஞர் எழுந்து போகும்போது, "சண்டை சச்சரவு எதுவும் வேண்டாங்கய்யா, நல்ல விசயமா நாலு எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாடகக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் உடுப்புத் தைத்தவன் நான். சண்டையை எடுத்துவிட்டால் என்னிடம் மிஞ்சுவது ஊசியும் நூல்கண்டும்தான். அதனால் சண்டையோடுதான் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் போடவேண்டாம்.

உத்தமபாளையத்தில் என் தகப்பனார், எங்கள் அத்தா, தையல் கடை வைத்திருந்தார். சட்டை, டவுசர், கல்யாணக் கோட்டு என்று அங்கேயே எனக்குக் கை படிந்தது. பிறகு மதுரையில் நாடக உடுப்புத் தைக்கும் ஒருவரிடம் இரண்டு வருஷம் வெல்வெட் வெட்டப் பழகினேன். வெல்வெட்டை எந்தப் பக்கம் தடவினால் மினுங்கும், எந்தப் பக்கம் தடவினால் கறுத்துப்போகும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். மற்றதெல்லாம் நானாகத் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில் டெய்லராகச் சேர்ந்தேன். மைதீன் பிச்சை என்ற என் பெயர் அங்கே 'டெய்லர் பாய்' ஆகிவிட்டது.

கம்பெனி முதலாளி ஒரு பெண். ரத்தினாம்பாள் என்று பெயர். ராஜபார்ட் வேஷத்தை அவரே கட்டுவார். மீசை ஒட்டிக்கொண்டு அவர் மேடைக்கு வந்தால், வேஷம் என்று தெரிந்தவர்கள் கூடக் கொஞ்சம் ஒதுங்கி நிற்பார்கள். நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் யாரும் கேட்டது கிடையாது. நான் தைத்த உடுப்பைப் போட்டுக்கொள்வார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குவார். சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுவார். வாளை உருவி மறுபடி உறையில் போடுவார். எங்காவது இறுக்கினால், கழற்றி நான்காக மடித்து என் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். எங்கே இறுக்குகிறது என்று சொல்லமாட்டார். நானே கண்டுபிடித்துப் பிரிக்கவேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், உடுப்பைக் கழற்றாமலே, "மதியத்துக்கு என்ன கொழம்பு?" என்று கேட்பார். அதுதான் அவருடைய பாராட்டு. முதல் தடவை அது விளங்காமல், "கத்திரிக்கா புளிக்கொழம்பும்மா" என்று பதில் சொல்லி, கம்பெனி முழுக்கச் சிரிக்கும்படி ஆனேன்.

அந்தக் காலத்தில் எந்த நாட்டு ராஜாவாக இருந்தாலும், எந்த யுகத்து ராஜாவாக இருந்தாலும் ஒரே கறுப்பு வெல்வெட்தான். அதன் மேல் ஜிகினா நட்சத்திரம், காலில் மேஜோடு என்கிற நீளக் காலுறை. எனக்கு அதைப் பார்த்தாலே எரியும். ஒரு கதை இருநூறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது என்று சொல்லிவிட்டு, போன மாதம் மதுரைக் கடையில் வாங்கிய ஜிகினாவை ஒட்டுவது சனங்களை ஏமாற்றுகிற வேலை என்று முதலாளியம்மாவிடமே சொன்னேன். "அப்ப நீயே அந்தக் காலத்துக்குப் போயி அளவெடுத்துட்டு வா" என்றார். கேலியாகத்தான் சொன்னார். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

நான் எழுத வந்த விஷயம் இதற்குப் பிறகுதான். கம்பெனி ஒரு புது ஹாஸ்ய நாடகம் எடுத்தது. 'மந்திரி வந்தார், மந்திரி போனார்' என்று பெயர். நாயக்கர் ஆட்சி ஓய்ந்துவரும்போது நவாபு படைகளும் வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில், நம் மலையடிவாரத்தில் ஒரு குட்டிப் பாளையம். அதன் மந்திரி, எந்தப் படை வந்தாலும் அந்தப் படைக்குக் கும்பிடு போடுகிற ஆள். அந்த வேஷம் எங்கள் காமிக் நடிகர் ஒச்சப்பனுக்கு. வருசநாட்டுக்காரர். மேடையில் சும்மா நின்று மூக்கைச் சொறிந்தாலே கொட்டகை சிரிக்கும்.

ஒச்சப்பன் கேட்டது ஒரு கால் சிவப்பு, ஒரு கால் பச்சையாக ஒரு கால்சட்டை, வயிற்றில் தலையணை, தேங்காய் மூடி அளவுக்குப் பட்டன்கள். நான் முடியாது என்றேன்.

"பாய், நான் சனத்தச் சிரிக்க வைக்கணும்யா. நீ என்னயக் கல்யாண மாப்ளையாட்டம் ஆக்கப் பாக்குற."

"அண்ணே, சிரிக்க வைக்கிறது உங்க வேல. துணி சிரிச்சுச்சுன்னா அங்கன நீங்க எதுக்கு?"

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான் அசையவில்லை. இன்றைக்கும் என் கட்சி அதுதான். கோமாளி வேஷத்துக்குத்தான் உடுப்பு மிகச் சுத்தமாக இருக்கவேண்டும். தன்னை மந்திரி என்று நம்புகிறவன்தான் சிரிப்பு மூட்டுவான். கிழிசலும் தலையணையும் போட்டவனைப் பார்த்துச் சிரிப்பது வேறு சிரிப்பு.

அந்தக் காலத்து மந்திரி என்ன உடுத்தியிருப்பான் என்று சொல்ல என்னிடம் புத்தகம் இல்லை. சுருளிக்குப் போகிற பாதையில் ஒரு பழைய கல்மண்டபம் இருந்தது. வழிப்போக்கர்கள் கட்டுச்சோறு பிரிக்கிற இடம், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அதன் தூண் ஒன்றில் கும்பிட்டபடி ஒரு பெரிய மனிதர் சிலை. முழங்காலுக்குக் கீழே வரைக்கும் தொங்கும் அங்கி. ஒரு பக்கத்து முன்துண்டு மார்பின் குறுக்கே வந்து, மறுபக்கத்து அக்குளுக்குக் கீழே நாடாவால் முடிந்திருந்தது. முடிச்சின் இரண்டு நுனிகளும் தொங்குவதைக் கூடச் சிற்பி விடவில்லை. நான் அடுத்தடுத்து மூன்று நாள் அங்கே நடந்துபோய் அந்தக் கல்லை அளவெடுத்தேன். டேப்பைத் தோளில் வைத்து, இடுப்பில் வைத்து, ஆளுக்கு எடுப்பதைப் போலவே எடுத்தேன். கட்டுச்சோறு தின்றுகொண்டிருந்த சுருளிப்பட்டி ஆள்கள், "எப்பா, அவரு எப்ப வந்து வாங்கிக்கிருவாரு?" என்று கேட்டார்கள். கரித்துண்டால் பழுப்புக் காகிதத்தில் படம் போட்டு, ஒவ்வொரு இடத்திலும் அளவையும் குறிப்பையும் எழுதிக்கொண்டேன்.

மதுரையில் சாயம் போட்ட செங்காவி மல்துணி வாங்கி வந்தேன். அங்கியின் கீழ் விளிம்பை அகலமாக மடித்து, உள்ளே வரிசையாகப் புளியங்கொட்டை வைத்துத் தைத்தேன். ஆடி மாதத்தில் கம்பத்துக் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆள்களுக்குத் தெரியும். பாரம் இல்லாவிட்டால் மந்திரியின் அங்கி மந்திரியின் முகத்தை மூடிவிடும். நாடாவுக்குப் பட்டு வைக்கவில்லை, வழுக்கும். பருத்தி நாடா நான்கு வைத்தேன். அக்குளுக்குக் கீழே இரண்டு ஜோடி. ஒச்சப்பனுக்குப் போட்டுப் பார்த்தோம். முதலாளியம்மா அவரைக் கையைத் தூக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், குனிந்து கும்பிடச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, குழம்பு என்ன என்று கேட்டார்.

கம்பத்தில் தகரக் கொட்டகையில் முதல் நாடகம். இரண்டாவது காட்சியில் ஒச்சப்பன் வந்து நின்றதும் கொட்டகை ஒரு நிமிஷம் அடங்கியது. அந்த உடுப்பு அவர்களை அடக்கியது என்பதைப் பெருமையாகவே எழுதுகிறேன். அப்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "நிறுத்துங்கய்யா" என்று கத்தினார். சர்க்கார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் எதற்கு, நாற்காலிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். முன்வரிசை நாற்காலிகளுக்கெல்லாம் ஊரில் ஆள் சேர்த்துக் கொடுப்பவர் அவர்தான்.

"அந்தக் காலத்துல நம்ம ஆளுக அங்கிய இடப்பக்கம் முடிவாக. துலுக்கருதான் வலப்பக்கம் முடிவாக. நம்ம பாளையத்து மந்திரிக்கு வலப்பக்கம் முடிச்சு வச்சது யாரு? இதத் தச்சது யாரு?"

தைத்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும். கொட்டகையில் சலசலப்பு. அந்தக் காட்சியை எப்படியோ ஓட்டி முடித்தார்கள். நான் திரைக்குப் பின்னால் என் பழுப்புக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். நாடா இருக்கும் இடத்தில் என் கையெழுத்தில் 'வலது' என்று எழுதியிருந்தது. பார்த்த உடனே விளங்கிவிட்டது. நான் கல்லுக்கு எதிரே நின்று எழுதியிருக்கிறேன். என் வலது கைப்பக்கம் இருந்தது, கும்பிட்டு நின்றவருக்கு இடது. துணி வெட்டும்போது அதையே உடுத்துகிறவரின் வலது என்று வெட்டிவிட்டேன். புதிதாகக் கத்தரி பிடிப்பவன் செய்கிற தப்பு அது. எனக்கு வெட்கமாக இருந்தது. தொழில் தெரிந்தவன் என்று மார்தட்டியவன் அல்லவா நான்.

மறுநாள் காலையில் நாற்காலிக்காரர் நான்கு பேரோடு கம்பெனிக்கு வந்தார். அவர் சொன்ன வழக்கம் உண்மை. அவர் வீட்டுப் பழைய படம் ஒன்றில் அப்படித்தான் இருக்கிறதாம். அதை நான் அன்றும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது வேறு. நான் வேண்டுமென்றே செய்தேன் என்று ஒப்புக்கொண்டு அன்றைக்கு நாடகம் தொடங்குமுன் மேடையில் நின்று மன்னிப்புக் கேட்கவேண்டும். அங்கியை வேறு ஆளைவிட்டுத் தைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாற்காலியிலும் ஆள் இருக்காது.

நான் காகிதத்தை விரித்துக் காட்டினேன். "அய்யா, கொஞ்சம் எதுக்க நின்னு உங்க வலது கையத் தூக்குங்க" என்றேன். தூக்கினார். "எனக்கு அது எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"இந்த வக்கீல் பேச்செல்லாம் வேண்டாம். தொழில் தெரிஞ்சவனுக்கு வலது இடது தெரியாமப் போகுமா?"

"தெரியாமப் போச்சு. தப்புத்தான். பிரிச்சுத் தச்சுருவேன். மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

"ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"கல்லுக்கு எதுக்க நின்ன டெய்லர் தப்புப் பண்ணிட்டான்னு சொல்லுங்க, இப்பவே பிரிக்கிறேன். துலுக்கன் வேணும்னு பண்ணிட்டான்னு சொன்னா அது தப்பு இல்லீங்க, குத்தம். அந்தக் குத்தத்த நான் பண்ணல."

அவர் மத்தியானம் வரைக்கும் கெடு கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனதும் எங்கள் ஜமாத்து ஆள்கள் இரண்டு பேர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார்கள். நம்ம ஆளை மன்னிப்புக் கேட்கச் சொல்வதற்கு அவர் யார் என்று குதித்தார்கள். "இது நம்ம ஆளு விசயமில்ல, நாடா விசயம். நீங்க போயி வேலையப் பாருங்க" என்று அவர்களையும் அனுப்பிவைத்தேன். அவர்களுக்கும் என்மேல் கோபம்.

எல்லாரும் போனபிறகு முதலாளியம்மா என் மிஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"மைதீனு, இங்கன முப்பது பேரு சாப்புடுறாக. ஒரு வார்த்த சொன்னா தேஞ்சா போயிருவ?"

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முன்வரிசை காலியானால் கம்பெனி அடுத்த ஊருக்கு வண்டி கட்ட முடியாது. என் ஒருவன் வீம்பு முப்பது பேர் சோற்றில் விழும். ஆனால் வேண்டுமென்றே செய்தேன் என்று ஒருமுறை மேடையில் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நான் தைக்கிற ஒவ்வொரு உடுப்பிலும் எவனாவது எதையாவது தேடுவான். "தேயமாட்டேம்மா. ஆனா அதுக்குப் பெறகு எனக்குக் கத்திரி பிடிக்க வராது" என்றேன். என் கத்தரியையும் டேப்பையும் எடுத்து மஞ்சள் பைக்குள் போட்டேன். அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆத்திரத்தில் வந்த அழுகைதான்.

அப்போதுதான் ஒச்சப்பன் உள்ளே வந்தார். அந்த அங்கியை ஆரம்பத்தில் இருந்தே திட்டிக்கொண்டிருந்தவர். அதை எடுத்துப் போட்டுக்கொண்டார். வலப்பக்கம் இழுத்து முடிந்தார். அவிழ்த்தார். இடப்பக்கம் இழுத்துப் பார்த்தார், துண்டு எட்டவில்லை.

"பாய், இந்தப் பக்கமும் நாலு நாடா வச்சா என்ன?"

"எதுக்குண்ணே?"

"நவாபு படை வந்தா வலது. நாயக்கர் படை வந்தா இடது. நம்ம மந்திரி எப்பேர்ப்பட்ட ஆளு? அந்தய்யா வந்து சொல்லலேன்னா இது நமக்குத் தெரிஞ்சிருக்குமா?"

நான் பையில் இருந்து கத்தரியை எடுத்தேன்.

நினைத்த அளவுக்கு லேசான வேலை இல்லை. இப்படிப்பட்ட அங்கியில் மேலே வருகிற முன்துண்டு அகலம், உள்ளே போகிற துண்டு குறுகல். இரண்டு பக்கமும் கட்டவேண்டும் என்றால் இரண்டும் ஒரே அகலம் இருக்கவேண்டும். அதே சாயத் துணிக்கு மதுரைக்குப் போக நேரமில்லை. கீழ்விளிம்பு மடிப்பைப் பிரித்து, புளியங்கொட்டைகளைக் கொட்டிவிட்டு, அந்தப் பட்டையை வெட்டி உள்துண்டோடு ஒட்டுப்போட்டேன். ஒட்டு தெரியாமல் இருக்க நீளவாக்கில் ஒரு சரிகைப் பட்டை, அதற்கு ஜோடியாக மறுபக்கமும் ஒன்று. குறைந்துபோன விளிம்பில் மெல்லிய மடிப்பு மடித்து, கொட்டைகளை ஒற்றை வரிசையாக மறுபடி வைத்தேன். நாடாக்களை ஓர் இழுப்பில் அவிழ்கிற சுருக்காகப் போட ஒச்சப்பனுக்குப் பழக்கினேன். இப்போது எட்டு நாடா.

மத்தியானம் முதலாளியம்மா முன்னால் ஒச்சப்பன் அதைச் செய்துகாட்டினார். வலது, இடது, வலது, இடது. நாங்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. கடைசிவரை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "மதியத்துக்கு என்ன கொழம்பு?" என்றார். பிறகு ஆள் விட்டு நாற்காலிக்காரருக்குச் சொல்லி அனுப்பினார்: "தப்பத் திருத்தியாச்சு. தச்ச ஆளே திருத்துனாரு. மேடையில நாடகத்தத் தவிர வேற எதுவும் இருக்காது. வர்றவுக வரட்டும்."

நாற்காலிகளில் பாதி காலிதான். ஆனால் விஷயம் பரவி, பண்ணைப்புரத்தில் இருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தரை டிக்கெட் பக்கம் கால் வைக்க இடமில்லை. நாற்காலிக்காரரும் வந்திருந்தார், மன்னிப்பைப் பார்க்க வந்தாரோ என்னவோ. ஒச்சப்பன் மேடைக்கு வந்தார். அங்கி இடப்பக்கம் ஒழுங்காக முடிந்திருந்தது. நாற்காலிக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். அப்போது உள்ளிருந்து காவலன் குரல்: "நவாபு படை வருது!"

மந்திரி பதறாமல் சனங்களைப் பார்த்துச் சொன்னார்: "நாயக்கரு ஆளுக இடப்பக்கம் முடிவாக, நவாபு ஆளுக வலப்பக்கம் முடிவாக. நான் வாசல்ல யாரு வந்துருக்காகளோ அந்தப் பக்கம்." ஓர் இழுப்பு. அங்கி வலப்பக்கம் போய்விட்டது. "இல்ல சாமி, நாயக்கர் படை!" இடப்பக்கம். "நவாபு!" வலது. "நாயக்கர்!" இடது. கடைசியில் காவலன், "ரெண்டு படையும் சேந்து வருது சாமி!" என்றதும், மந்திரி எட்டு நாடாவும் அவிழ்ந்து தொங்க, இரண்டு துண்டுகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நடுமேடையில் உட்கார்ந்துவிட்டார். தகரக் கூரை அதிர்ந்தது. ஒட்டுப்போட்ட இடம் ஓரிழையும் விடவில்லை. நான் திரை இடுக்கில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலிக்காரர் சிரித்தார் என்று சிலர் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. அவர் மனம் மாறி என் கையைப் பிடித்தார் என்று எழுதினால் மலருக்கு நன்றாக இருக்கும். பிடிக்கவில்லை. கடைசிவரை என்னோடு பேசவும் இல்லை. நாடகம் அந்தப் பள்ளத்தாக்கில் பல ஊர்களில் நடந்தது. சினிமா வந்து கம்பெனி கலைகிற வரைக்கும் அந்த அங்கியை நான்தான் துவைத்தேன், நான்தான் தைத்தேன்.

இதை எழுதி முடித்த பிறகு பொறுப்பாளர் இளைஞர் மறுபடி வந்தார். மலரில் போட என்னிடம் வாங்கிப்போன ஒச்சப்பன் படத்தின் அச்சுப் பிரதியைக் கொண்டுவந்திருந்தார். அங்கி இடப்பக்கம் முடிந்து, இடுப்பில் இடப்பக்கம் வாள் தொங்க, ஸ்டூடியோவில் எடுத்த படம். அச்சில் வாள் வலப்பக்கம் தொங்குகிறது. முடிச்சும் வலப்பக்கம். அச்சுக்கு பிளாக் செய்தவர் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

"யாரு கவனிக்கப் போறாக, விட்ருவமாய்யா?" என்றார் இளைஞர்.

"விடக்கூடாது. திருத்திப் போடணும்" என்றேன்.

"பிளாக் செஞ்சவரு ரொம்பச் சங்கடப்பட்டுட்டாருய்யா. உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக் கடுதாசி குடுத்து விட்ருக்காரு. தன் பேரு, விலாசமெல்லாம் எழுதியிருக்காரு."

கடிதத்தைப் பிரிக்காமல் இளைஞர் கையிலேயே கொடுத்தேன். பிளாக்கைத் திருத்தினால் போதும், மன்னிப்பெல்லாம் வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். பிளாக் செய்தது யார், அவர் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை.